அடிக்கடி காயப்படும் ஆட்டக்காரரைக் கிளப் நீக்க முடியுமா?

கேள்வி: தமிழ்நாட்டில் ஒரு கால்பந்து கிளப்பின் கௌரவச் செயலாளர் நான். எங்கள் அணி தேசிய அளவிலான லீக் ஒன்றில் ஆடுகிறது. இருபது மாதத்துக்கு முன், குமரி மாவட்டக் கடற்கரைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த 24 வயது மிட்ஃபீல்டரை மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் எடுத்தோம். மாதம் 60,000 ரூபாய் சம்பளம். இதுவரை 11 ஆட்டங்கள்தான் ஆடியிருக்கிறார். முதலில் எங்கள் ஆட்டத்தில் முழங்கால் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை நடந்தது. திரும்பி வந்தபின் மூன்று முறை ஹாம்ஸ்ட்ரிங் (பின்தொடைத் தசை) இழுத்துக்கொண்டது. இப்போது மறுபடி அதே முழங்காலில் வீக்கம். நான்கு மாதத்தில் ஆடலாம் என்கிறார் டாக்டர். 'தொடர்ந்து 60 நாள் ஆட முடியாவிட்டால் இழப்பீடு இல்லாமல் நீக்கலாம்' என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதை வைத்து அனுப்பிவிடலாம் என்கிறார் எங்கள் தலைவர். பழைய காயத்தை மறைத்துத்தான் அவர் கையெழுத்துப் போட்டார் என்று ஒரு நிர்வாகி சொல்கிறார். இரண்டு மாதமாகச் சம்பளத்தை நிறுத்தி வைத்திருக்கிறோம். தனியாகப் பயிற்சி செய்யச் சொல்லியிருக்கிறோம். சட்டப்படி என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது காயம் அல்ல, கடைசியில் சொன்ன விஷயம். இரண்டு மாதச் சம்பளத்தை நிறுத்தியிருக்கிறீர்கள். ஃபிஃபாவின் வீரர் பதிவு, மாற்றம் பற்றிய விதிகளில் 2018-இல் ஒரு விதி சேர்க்கப்பட்டது. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி என்றால், வீரர் எழுத்து மூலம் 15 நாள் கெடு கொடுத்துவிட்டு, நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை அவரே முறித்துக்கொள்ளலாம். அப்படி முறித்தால் மிச்சக் காலத்துக்கான பணத்தையும் உங்களிடம் கேட்கலாம். அதாவது அவரை எப்படி நீக்கலாம் என்று நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, உங்களை விட்டுப் போய் வழக்குப் போடும் உரிமையை அவர் கையில் கொடுத்துவிட்டீர்கள். மற்ற எதைப் பேசுவதற்கும் முன் அந்தப் பணத்தைக் கட்டுங்கள்.

சரி, மூலக் கேள்விக்கு வருவோம். காயப்பட்ட ஆட்டக்காரர் ஒப்பந்தத்தை மீறியவரா? இல்லை. இதற்கு ஃபிஃபா வரை போக வேண்டாம், நம் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமே போதும். அந்தச் சட்டத்தில் பிரிவுகளுக்குக் கீழே சின்னச் சின்ன உதாரணக் கதைகள் இருக்கின்றன. 39-ஆவது பிரிவின் கீழ் ஒரு பாடகி வருகிறார். இரண்டு மாதத்துக்கு வாரம் இரண்டு இரவு பாட ஒப்புக்கொண்டவர், ஆறாவது இரவு வேண்டுமென்றே வராமல் இருந்துவிடுகிறார். அரங்கத்தின் மேலாளர் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்கிறது சட்டம். 56-ஆவது பிரிவின் கீழ் ஒரு நடிகர் வருகிறார். ஆறு மாதம் நடிக்க முன்பணம் வாங்கியவர், பல தடவை உடல்நலம் கெட்டு மேடையேற முடியவில்லை. இங்கே சட்டம் சொல்வது வேறு: எந்தெந்த நாளில் அவரால் நடிக்க முடியவில்லையோ அந்த நாட்களுக்கு மட்டும்தான் ஒப்பந்தம் செல்லாது. முழு ஒப்பந்தமும் செத்துப்போய்விட்டதாகச் சட்டம் சொல்லவில்லை.

உங்கள் பையன் அந்தப் பாடகி அல்ல, இந்த நடிகர். 'பல தடவை' என்ற சொல்லைக் கவனியுங்கள். அடிக்கடி முடியாமல் போவதும், இனி எப்போதும் முடியாது என்பதும் ஒன்றல்ல. இனி ஆடவே முடியாது என்று சுதந்திரமான ஒரு எலும்பு மருத்துவர் எழுதிக் கொடுத்தால், நிறைவேற்ற இயலாமல் போன ஒப்பந்தம் என்று 56-ஆவது பிரிவின்கீழ் வாதிட இடம் உண்டு. நான்கு மாதத்தில் திரும்புவார் என்று உங்கள் டாக்டரே சொல்லும்போது அந்த வாதம் நிற்காது.

அந்த 60 நாள் பிரிவை உங்கள் தலைவர் பெரிதாக நம்புகிறார். ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் எதுவும் செல்லும் என்று நினைக்கிறார். கால்பந்தில் அப்படி இல்லை. காயம் என்ற ஒன்றை மட்டும் காரணமாக வைத்துச் சம்பளத்தை நிறுத்தவோ ஒப்பந்தத்தை முறிக்கவோ முடியாது என்பது ஃபிஃபாவின் தகராறு தீர்ப்பு அறை பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் நிலைப்பாடு. ஒரு தரப்பின் வசதிக்கு மட்டும் எழுதப்பட்ட முறிப்புப் பிரிவுகளையும் அது பெரும்பாலும் ஏற்பதில்லை. இந்திய வீரருக்கும் இந்தியக் கிளப்புக்கும் இடையிலான தகராறு ஃபிஃபாவுக்குப் போகாது, அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் வீரர் தகுதிக் குழுவுக்குத்தான் போகும். ஆனால் ஒப்பந்தத்தின் உறுதியைக் காக்கும் விதிகள் ஒவ்வொரு நாட்டுச் சம்மேளனத்திடமும் இருக்க வேண்டும் என்பதும் ஃபிஃபா விதிதான். நம் சம்மேளனத்தின் விதிகளும் அந்த அடிப்படையில் எழுதப்பட்டவை. ஆகவே அந்த 60 நாள் பிரிவை நம்பி நோட்டீஸ் அனுப்பாதீர்கள்.

அனுப்பினால் என்ன ஆகும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். மிச்சம் 16 மாதம், 60,000 வீதம் 9,60,000 ரூபாய். நிறுத்தி வைத்த இரண்டு மாதம் 1,20,000. ஆக 10,80,000. வழக்கமாக, வீரர் அந்தக் காலத்தில் வேறு கிளப்பில் சம்பாதிக்கும் தொகையை இதிலிருந்து கழிப்பார்கள். ஆனால் வீங்கிய முழங்காலோடு வெளியே போகிறவரை யார் எடுப்பார்கள்? கழிக்க எதுவும் இருக்காது. நல்ல உடம்போடு இருப்பவரை நீக்குவதைவிடக் காயத்தில் இருப்பவரை நீக்குவதுதான் அதிகம் செலவு வைக்கும். இதைக் கிளப் நிர்வாகிகள் பலர் யோசிப்பதே இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. 28 வயதுக்கு முன் போட்ட ஒப்பந்தத்துக்கு முதல் மூன்று ஆண்டு பாதுகாக்கப்பட்ட காலம். அந்தக் காலத்துக்குள் காரணமில்லாமல் முறிக்கும் கிளப்புக்கு, இரண்டு பதிவுப் பருவங்களுக்குப் புது வீரர்களைப் பதிவுசெய்யத் தடை விதிக்கவும் ஃபிஃபா விதியில் இடம் உண்டு. உங்கள் வீரர் அந்தக் காலத்துக்குள்தான் இருக்கிறார்.

பழைய காயத்தை மறைத்தார் என்ற குற்றச்சாட்டு முக்கியமானது. நிரூபிக்க முடிந்தால் நிலைமை மாறும். ஆனால் ஒரே ஒரு கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லுங்கள்: நீங்கள் கேட்டீர்களா? ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் குதிரை ஏலம் பற்றி ஓர் உதாரணம் உண்டு. குதிரைக்குக் குறை இருப்பது விற்பவருக்குத் தெரியும், அவர் வாயைத் திறக்கவில்லை. அது மோசடி ஆகாது என்கிறது சட்டம். அதே இடத்தில், 'நீ மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்' என்று வாங்குபவர் சொல்லியும் அவர் சும்மா இருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். மனிதரைக் குதிரையோடு ஒப்பிட எனக்கு மனசு வரவில்லை, ஆனால் சட்டம் பிரிக்கும் கோடு அதுதான். உங்கள் மருத்துவப் படிவத்தில் 'முன்பு அறுவை சிகிச்சை உண்டா' என்று கேட்டு, அவர் 'இல்லை' என்று எழுதியிருந்தால் அந்தத் தாளைத் தேடி எடுங்கள். படிவமே இல்லை, வெறும் மௌனம்தான் என்றால், 19-ஆவது பிரிவு உங்களுக்கு எதிராக நிற்கிறது: சாதாரண கவனத்தோடு விசாரித்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்றால், மௌனத்தைக் காட்டி ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. முழங்காலுக்கு ஒரு எம்ஆர்ஐ ஸ்கேன் எடுப்பது சாதாரண கவனம்தான். மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று எழுதுவதையும் ஃபிஃபா விதி 18 தடுக்கிறது. பார்க்க வேண்டியதையெல்லாம் கையெழுத்துக்கு முன்பே பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அதன் பொருள்.

தனிப் பயிற்சி விஷயம். காயத்திலிருந்து தேறும் வீரர் பிசியோவோடு தனியாகப் பயிற்சி செய்வது இயல்பு, அதில் தப்பில்லை. ஆனால் பிசியோவும் இல்லை, திட்டமும் இல்லை, மைதானத்து மூலையில் ஓடு என்றால், அது அவராகவே விட்டுப் போகட்டும் என்று கொடுக்கும் நெருக்கடி. வீரரை வலுக்கட்டாயமாக வெளியேற்றுவதற்கான முறைகேடான நடத்தையே அவர் ஒப்பந்தத்தை முறிக்க நியாயமான காரணம் என்று ஃபிஃபா விதி 14 சொல்கிறது. என்னிடம் வந்த ஒரு வீரர், இப்படித் தனியாக ஓடவிடப்பட்டதைச் சக ஆட்டக்காரர்கள் எடுத்த வாட்ஸ்அப் வீடியோக்களைக் கொண்டுவந்தார். அந்தக் கிளப் ஒரு வாரத்தில் சமரசத்துக்கு வந்தது. அதேபோல, இடம் காலியாக வேண்டும் என்று அவர் பதிவை லீகிலிருந்து நீக்கிவிடாதீர்கள். காயக் காலத்துக்கு மட்டும் அப்படிச் செய்தே ஆகவேண்டும் என்றால், திரும்பப் பதிவுசெய்யும் தேதியைக் குறிப்பிட்டு அவர் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

இப்போது நான் உங்களிடம் கேட்கும் கேள்வி, வக்கீலாக மட்டும் அல்ல. ஹாம்ஸ்ட்ரிங் மூன்று முறை இழுத்துக்கொண்டது என்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் எத்தனை நாளில் அவரைத் திரும்ப இறக்கினீர்கள்? முக்கியமான ஆட்டம் என்று ஊசி போட்டு ஆடவைத்தீர்களா? 'இறக்க வேண்டாம்' என்று பிசியோ எழுதியதை யாராவது ஒதுக்கினார்களா? 'அடிக்கடி காயப்படுகிறவர்' என்று நாம் பெயர் வைக்கும் பலர், உண்மையில் சரியாக ஆறவிடப்படாதவர்கள். உங்கள் ஆட்டத்தில் கிழிந்த முழங்கால் அது. அவசரப்படுத்திய ஆதாரம் இருந்தால், சம்பளப் பாக்கியைத் தாண்டி, கவனக்குறைவுக்கான நஷ்டஈட்டு வழக்கும் வரலாம். அந்தப் பதிவேடுகளைக் கிழிக்கவோ திருத்தவோ வேண்டாம். முதலில் நீங்களே உட்கார்ந்து படியுங்கள்.

அவர் பக்கத்திலிருந்து யாராவது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ஐக் காட்டலாம். பணிக்காலத்தில் ஊனமுற்ற ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்னும் 20-ஆவது பிரிவின் 4-ஆவது உட்பிரிவு அரசு நிறுவனங்களுக்கு உரியது, உங்கள் கிளப்பைக் கட்டாது. ஐசிஎஃப் (சென்னை ரயில் பெட்டித் தொழிற்சாலை), தெற்கு ரயில்வே போன்ற அரசுத் துறை அணிகளில் ஆடியவர்களுக்கு அந்தத் தைரியம் இருந்தது. கால் போனாலும் மேசை வேலை இருக்கும், மாதச் சம்பளம் வரும். அந்த வேலையை நம்பித்தான் எத்தனையோ குடும்பங்கள் பிள்ளைகளைப் பந்து ஆட விட்டன. இன்றைய ஒப்பந்த ஆட்டக்காரருக்கு அது இல்லை. அவருக்கு இருப்பது நீங்கள் கையெழுத்திட்ட மூன்று ஆண்டு மட்டும்தான். அதனால்தான் அந்த மூன்று ஆண்டை நான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அப்படியானால் அவரை வைத்துக்கொள்ளத்தான் வேண்டுமா? ஒப்பந்தம் முடியும்வரை, ஆம். அதன்பின் புதுப்பிப்பதும் புதுப்பிக்காததும் முழுக்க உங்கள் உரிமை. புதுப்பிக்காததற்கு அவர் வழக்குப் போட முடியாது. இங்கிலாந்தின் ஆர்செனல் கிளப்பில் இருந்த ஸ்பெயின் வீரர் சான்டி கசோர்லா 2016 அக்டோபருக்குப் பின் அந்த அணிக்காக ஆடவே இல்லை. குதிகால் தசைநாரைக் கிருமித் தொற்று அரித்து, காலையே எடுக்க வேண்டி வருமோ என்ற நிலை. 2018-இல் ஒப்பந்தம் முடிந்த பிறகே அவர் கிளப்பை விட்டுப் போனார். பிறகு வில்லாரியல் அணியில் ஆடி, 2019-இல் ஸ்பெயின் தேசிய அணிக்கும் திரும்பினார். காலக்கெடு வரை காத்திருந்ததில் இரு தரப்பும் மரியாதையோடு பிரிந்தார்கள்.

காத்திருக்கப் பணமில்லை என்றால், பேசிப் பிரிவது ஒரு வழி. இந்திய அணியின் தடுப்பாட்டக்காரர் சந்தேஷ் ஜிங்கனுக்கு 2019 அக்டோபரில் முழங்கால் தசைநார் கிழிந்து, ஒரு பருவம் முழுதும் போயிற்று. 2020 மே மாதம் அவரும் கேரளா பிளாஸ்டர்ஸும் பரஸ்பரச் சம்மதத்தில் பிரிந்தார்கள். அடுத்த பருவம் ஏடிகே மோகன் பகானில் ஆடி, சம்மேளனத்தின் அந்த ஆண்டின் சிறந்த வீரர் விருதை வாங்கினார். இதை உங்கள் தலைவரிடம் சொல்லுங்கள். உடைந்த முழங்காலை வைத்து ஒருவருடைய எதிர்காலத்தை எழுதிவிட முடியாது.

பேசிப் பிரிவதாக இருந்தால் நான் இப்படி எழுதுவேன். பாக்கி முழுவதும் முதலில். அப்புறம் மிச்சக் காலத்துக்கு ஒரு தொகை. ஐந்தாறு மாதச் சம்பளத்திலிருந்து பேச்சைத் தொடங்குவது கௌரவமாக இருக்கும். இந்த முழங்காலுக்கான சிகிச்சையும் பிசியோவும், டாக்டர் தேறிவிட்டார் என்று எழுதும்வரை, உங்கள் செலவில். விடுவிப்புக் கடிதம் அன்றைக்கே, பணம் எதுவும் கேட்காமல். வேறு கிளப் தேட நேரம் இருக்கும்படி பதிவுப் பருவம் மூடுவதற்கு முன்பே முடித்துக் கொடுங்கள். அவர் ஒரு வக்கீலைப் பார்க்கப் பத்து நாளாவது அவகாசம் வேண்டும். அலுவலகத்துக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து வாங்கிய கையெழுத்து உங்களுக்கே தொல்லை.

அடுத்த வீரருக்கு ஒப்பந்தம் எழுதும்போது, 60 நாள் போன்ற பிரிவை எடுத்துவிடுங்கள். இங்கிலாந்து பிரீமியர் லீகின் மாதிரி ஒப்பந்தத்தில், நிரந்தரமாக ஆட முடியாமல் போனாலோ, ஒரே காயத்தால் 20 மாதத்துக்குள் மொத்தம் 18 மாதம் ஆட முடியாமல் போனாலோதான் கிளப் நோட்டீஸ் கொடுக்க முடியும். ஆட்டத்தில் பட்ட காயம் என்றால் அந்த நோட்டீஸும் 12 மாதம், ஒப்பந்தத்தில் அதைவிடக் குறைவாகக் காலம் மீதியிருந்தால் அதுவரை. அவ்வளவு தாராளம் உங்களால் முடியாமல் இருக்கலாம். ஆனால் நீண்ட காலம், சுதந்திரமான மருத்துவர், சம்பளத்தோடு நோட்டீஸ் என்ற மூன்றையும் உங்கள் வசதிக்கு ஏற்ற அளவில் எழுதலாம். கூடவே ஒரு காயக் காப்பீடும் எடுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: 1,20,000 ரூபாயை அவர் வங்கிக் கணக்கில் போட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பிசியோவின் திட்டத்தை எழுத்தில் கொடுத்து அவரை மீண்டும் அணியோடு சேருங்கள். கிளப்போடு தொடர்பில்லாத ஒரு மருத்துவரிடம், அவர் சம்மதத்தோடு, புதிதாக ஒரு கருத்து வாங்குங்கள். அந்த அறிக்கையின் ஒரு நகலை அவரிடமும் கொடுத்துவிட்டு, ஒப்பந்தம், மருத்துவப் படிவம், பிசியோ பதிவேடு மூன்றையும் எடுத்துக்கொண்டு என்னை வந்து பாருங்கள்.