நாலு நாளாக மழையே இல்லை, பிறகு ஏன் இலை கருகுகிறது?

கேள்வி: நுவரெலியாப் பக்கம் குத்தகை நிலத்தில் உருளைக்கிழங்கு போட்டிருக்கிறேன். நாலு நாளாக மழை இல்லை, ஆனாலும் இலை கருகிக்கொண்டே போகிறது. பூஞ்சை நோய்க்கு மழைதானே காரணம்? காலநிலையைப் பார்த்து நோயை முன்கூட்டியே அறிய வழி உண்டா?

பதில்:

உண்டு. ஆனால் அதற்கு மழையை எண்ணிப் பயனில்லை. இலை எத்தனை மணி நேரம் ஈரமாகவே கிடந்தது என்று எண்ண வேண்டும்.

இதை நாங்கள் ஒரு வெள்ளாமையைப் பறிகொடுத்துத்தான் தெரிந்துகொண்டோம். சில வருடங்களுக்கு முன் கந்தப்பளைப் பக்கம் அரை ஏக்கரில் அப்பாவும் நானும் கிழங்கு போட்டிருந்தோம். ஜூன் மாதம். ஒரு வாரம் கொட்டிய மழை சட்டென்று விட்டது. "மழை விட்டிருச்சு, இந்த வாரம் மருந்துக் காச மிச்சம் பிடிப்போம்" என்றார் அப்பா. எனக்கும் சரி என்றுதான் பட்டது. ஆனால் மழைக்குப் பதிலாகப் பனிமூட்டம் வந்து உட்கார்ந்துகொண்டது. பின்னேரம் மூன்று மணிக்கு இறங்கினால் மறுநாள் காலை ஒன்பதுக்குத்தான் கலையும். ஒரு துளி மழை இல்லை, ஆனால் பாத்திக்குள் இறங்கி நடந்தால் காற்சட்டை முழங்கால் வரைக்கும் நனைந்துவிடும். ஐந்தாம் நாள் இலை ஓரங்களில் வெந்நீர் பட்டது போலக் கரும்பச்சைத் திட்டுகள். பத்தாம் நாள் தண்டுகள்தான் நின்றன. தோட்டம் முழுக்க அழுகல் வாடை. அந்த வாடை இன்னும் எனக்கு மறக்கவில்லை.

நடந்தது இதுதான். மருந்துக் கடையில் லேட் பிளைட் என்று சொல்லும் இந்தக் கருகல் நோய்க்கிருமி, காற்றில் ஈரம் நிறைந்த இரவில்தான் இலையின் அடியில் விதை போன்ற நுண்ணிய வித்திகளை உண்டாக்கும். விடிந்து காற்றில் ஈரம் குறையக் குறைய அவை கழன்று பறக்கும். நல்ல வெயில் அடித்தால் பறக்கும்போதே பெரும்பாலானவை செத்துவிடும். மேகமூட்டமாக இருந்தால் பல மணி நேரம் உயிரோடு இருந்து பக்கத்துத் தோட்டம் வரை போகும். ஈரமான இலையில் போய் விழுந்தால், குளிர் 15 பாகைக்குக் கீழே இருக்கும்போது ஒவ்வொரு வித்தியும் ஒரு பை போல வெடித்து, நீந்தக்கூடிய பல குட்டி வித்திகளை அந்த நீர்ப்படலத்தில் விடும். ஒன்று பலவாகிவிடுகிறது. நுவரெலியா இரவுகள் அதற்கு எவ்வளவு தோதானவை என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். (விஞ்ஞானிகள் இதை இப்போது உண்மையான பூஞ்சை என்று சேர்ப்பதில்லை, நீர்ப்பாசிகளுக்குக் கிட்டிய சொந்தம் என்கிறார்கள். சில பூஞ்சைக்கொல்லிகள் இதன்மேல் வேலை செய்யாததற்கு அதுவும் ஒரு காரணம்.)

இன்னொன்று, நீங்கள் இன்று பார்க்கும் கருகல் இன்று வந்ததில்லை. கிருமி உள்ளே நுழைந்து, திட்டு கண்ணுக்குத் தெரிய மூன்று முதல் ஏழு நாள் ஆகும். அதாவது மழையில்லாத உங்கள் நாலு நாளுக்கு முந்தைய ஈரத்தின் கணக்கு இப்போது தீர்க்கப்படுகிறது. மழையையும் நோயையும் ஒரே நாளில் பொருத்திப் பார்ப்பதால்தான் நாம் எல்லோரும் குழம்பிப்போகிறோம்.

கணிக்கும் விதி ஒன்றைப் பிரித்தானியாவில் 1956இல் ஸ்மித் என்பவர் வகுத்தார் (2017இல் அங்கே புதிய விதிக்கு மாறிவிட்டார்கள்). அடுத்தடுத்து இரண்டு நாட்கள் குளிர் 10 பாகைக்குக் கீழே போகாமல், ஒவ்வொரு நாளும் குறைந்தது 11 மணி நேரம் காற்றின் ஈரப்பதன் 90 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எச்சரிக்கை. நல்ல விதிதான். ஆனால் தென்மேற்குப் பருவத்தில் நம் மேற்குச் சரிவில் வாரக்கணக்காக இந்த நிலை நீடிக்கும், எச்சரிக்கை மணி நிற்கவே நிற்காது. அதனால் இங்கே திருப்பிப் பார்ப்பதுதான் உதவும் என்பது என் எண்ணம்: எந்த நாள் இலை காய்ந்தது, எத்தனை மணிக்குக் காய்ந்தது என்று குறித்து வையுங்கள். காலை எட்டுக்குள் காய்ந்தால் பயம் குறைவு. பத்து தாண்டியும் சொட்டுகிறதென்றால், வானம் நீலமாக இருந்தாலும் நோய்க்கு அது நல்ல நாள்.

தேயிலையில் இதே பாடத்தை முன்பே படித்துவிட்டார்கள். கொழுந்தில் வரும் கொப்புள நோய் 1946இல் இலங்கைக்கு வந்தது. தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் ஆராய்ந்தபோது, வெயில் அடித்த மணிநேரம் எவ்வளவு முக்கியம் என்று தெரிந்தது. அந்த வித்தி வெயிலைத் தாங்காது. முளைக்கவோ நீண்ட நேர ஈரம் வேண்டும். வெயில் மணிநேரத்தை வைத்து மருந்தடிக்கும் நாளைத் தீர்மானிக்கும் முறை அப்படித்தான் வந்தது. அம்மா கொழுந்து எடுத்த காலத்தில், பருவமழைக்கு முன் நிழல் மரங்களின் கிளையை ஏன் வெட்டுகிறார்கள் என்று கேட்டிருக்கிறேன். "மலைக்கு வெளிச்சம் வேணும்" என்று மட்டும் சொல்லுவார். அதுதான் முழு விளக்கமும். கொப்புளம் வருவது இளம் இலையில் மட்டும், அதனால்தான் கவ்வாத்து வெட்டி (செடியைக் கத்தரித்து) இளந்தளிர் விடும் தேயிலை மலைகளை இந்த நோய் முதலில் பிடிக்கிறது.

தேயிலைக்கு முன்னால் கோப்பியை இங்கிருந்து துடைத்தெடுத்ததும் ஒரு பூஞ்சைதான். 1869இல் மடுல்சீமைப் பக்கம் முதலில் கண்ட இலைத்துரு. 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் இங்கே வந்து, கண்ணாடித் துண்டுகளைத் தோட்டத்தில் வைத்து வித்திகள் காற்றில் வந்து படிவதைக் காட்டினார். இலையில் தண்ணீர் இருந்தால்தான் அவை முளைக்கும் என்றும் கண்டார். காற்று கொண்டுவரும், ஈரம் உள்ளே விடும். நம் முன்னோர் நட்டு வளர்த்த கோப்பி போன கதை அது, படிக்கும்போது எனக்கு மனம் கனக்கும்.

எல்லாப் பூஞ்சைக்கும் இது பொருந்தாது. இலைமேல் மாவு தூவியது போல வரும் சாம்பல் நோய்க்கு நீர்ப்படலமே தேவையில்லை, பலத்த மழை அதைக் கழுவிக்கூட விடும். தலவாக்கலையில் மழை கொட்டும் அதே ஜூலையில் பண்டாரவளைப் பக்கம் கச்சான் என்னும் வறண்ட காற்று காய்ச்சி எடுக்கும். அங்கே பூசணி, போஞ்சி போட்டிருப்பவர்கள் இந்த நோயைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, உங்கள் தோட்டத்துக்கு வருவோம். முதலில் அது கருகல்தானா என்று உறுதிப்படுத்துங்கள். காலை ஆறரைக்கு, வெயில் படுமுன், திட்டு விழுந்த இலையைத் திருப்பிப் பாருங்கள். கறுப்பைச் சுற்றி மெல்லிய வெள்ளைப் பூ வளையம் இருக்கும். பத்து மணிக்குப் போனால் காணாமல் போயிருக்கும். சந்தேகமாக இருந்தால் இரண்டு இலையைப் பறித்து, நனைத்த காகிதத்தோடு ஒரு ஷொப்பிங் பையில் கட்டி இரவு முழுக்க வையுங்கள். காலையில் வெள்ளை பூத்திருந்தால் அதுதான். வளையம் வளையமாகக் காய்ந்த பழுப்புப் புள்ளிகள் மட்டும் இருந்தால் வேறு நோய், வேறு கணக்கு.

மேன்கோசெப் போன்ற மருந்துகள் இலையின் வெளியே காவல் நிற்பவை, உள்ளே போன கிருமியைத் துரத்தாது. அதனால் ஈரக்காலம் தொடங்கும் முன், இலை காய்ந்திருக்கும் நேரத்தில் அடியுங்கள். இலை அடிப்பக்கமும் நனைய வேண்டும். மாலையில் ஸ்பிரிங்கலர் போடுவதை இன்றே நிறுத்துங்கள், இரவு ஈரத்தை நாமே கூட்டிக்கொடுப்பது அது. தண்ணீர் விட வேண்டுமென்றால் முற்பகலில், மதியத்துக்குள் இலை காய்கிற மாதிரி விடுங்கள். கிழங்குக்கு மண் நன்றாக அணைத்து வையுங்கள், மழை வந்தால் இலையிலிருந்து கழுவப்படும் வித்தி கிழங்கைத் தொடாது.

இன்று பின்னேரமே அந்த இரண்டு இலையைப் பையில் கட்டி வையுங்கள். காலையில் என்ன தெரிகிறதோ அதைப் படம் பிடித்து இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.