நிலாவெளியில் நின்றுபோன கப்பல் – வாசகர் கடிதமும் பதிலும்

அண்ணா, வணக்கம்.

உப்புவெளியில் நாங்கள் ஐந்து பேர் சனி, ஞாயிறுகளில் ‘ட்ரவலர்’ என்ற விண்வெளிப் பாத்திரமேற்பு விளையாட்டை விளையாடுகிறோம். பழைய விதிகள்தான். கதையை நடத்தும் நடுவர் நான். எங்கள் ஊர்ப் பெயர்களை வைத்து ஒரு துணைவலயம், அதாவது அறுகோணக் கட்டங்களில் உலகங்களைக் குறிக்கும் விண்வரைபடம், செய்திருக்கிறேன்: 18 உலகங்கள், 200 தொன் சரக்குக் கப்பல் ஒன்று, ஒரு சாகசம். எல்லாம் சேர்த்து 48 பக்கம், இத்துடன் அனுப்புகிறேன். தமிழில் விளையாட விரும்புகிறவர்களுக்கு இலவசமாகக் கொடுக்க ஆசை.

ஆனால் இரண்டாவது அமர்விலேயே ஆட்டம் நின்றுவிட்டது. கப்பல் நிலாவெளியில் நிற்கிறது. மூதூர் இரண்டு அறுகோணம் தள்ளி இருக்கிறது. கப்பலுக்கோ பாய்ச்சல் ஒன்றுதான், அதாவது ஒரு தடவையில் ஓர் அறுகோணம்தான் தாண்டும். “எப்படியோ போய்ச் சேர்ந்தீர்கள்” என்று சொல்லிச் சமாளித்தேன். எங்கே பிழை? இதை வெளியிட்டால் உரிமைச் சிக்கல் வருமா? அச்சடிப்பது பற்றியும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர், உப்புவெளி, திருகோணமலை

அன்புள்ள தம்பி,

முழுவதையும் வாசித்தேன். வெளியிட வேண்டிய வேலைதான் இது. ஆனால் இப்போது இருப்பது நீங்கள் பக்கத்தில் இருந்தால் மட்டும் ஓடுகிற பிரதி. மட்டக்களப்பிலோ யாழ்ப்பாணத்திலோ ஒருவர் இதை எடுத்து மேசையில் விரித்தால், நீங்கள் வாயால் சமாளித்த இடங்களிலெல்லாம் அவர் தடுக்கி விழுவார். ரசிகர்கள் செய்யும் ஆட்டப் பொருள்களில் அதிகம் காணும் குறை இதுதான். கற்பனைக்குப் பஞ்சமில்லை, எண்கள்தான் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை.

வரைபடத்திலிருந்து தொடங்குகிறேன். துணைவலயம் 8க்கு 10, அதாவது 80 அறுகோணம். விதிப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு தாயக்கட்டை உருட்டி 4, 5, 6 விழுந்தால் அங்கே உலகம். ஆகவே சராசரியாக 40 உலகம் வரும். நீங்கள் 18தான் வைத்திருக்கிறீர்கள், அதையும் படம் முழுக்கத் தூவியிருக்கிறீர்கள். 40 இருந்தால் ஓர் உலகத்தைச் சுற்றியுள்ள ஆறு அறுகோணங்களில் சராசரியாக மூன்றில் அயல் உலகம் இருக்கும். 18 என்றால் அது ஒன்றரைக்கும் குறைவு. பாய்ச்சல் ஒன்று கப்பல் அங்கே முடங்காமல் என்ன செய்யும்? 18ஐக் கூட்டத் தேவையில்லை. ஆறேழு உலகங்களை ஒன்றையொன்று தொடும்படி சங்கிலியாகக் கோத்து, அதன் ஒரு முனையில் நிலாவெளியை வையுங்கள். மற்றவை தள்ளியே இருக்கட்டும். பெரிய கப்பல் கைக்கு வந்த பிறகு போவதற்கு அவை உதவும்.

நிலாவெளிக்கும் மூதூருக்கும் நடுவே இருக்கும் அந்த வெற்று அறுகோணத்தில் சீனன்குடாவை வைத்துவிடுங்கள். உங்கள் படத்தில் சீனன்குடா ஒரு மூலையில் வேலையில்லாமல் கிடக்கிறது. பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் நிற்கிற இடத்தின் பெயரை வைத்துவிட்டு, அந்த உலகத்துக்கு எரிபொருளோடு சம்பந்தமே இல்லாமல் விட்டிருக்கிறீர்கள்! அதை சி தர விண்துறைமுகம் ஆக்குங்கள் (ஏ தான் ஆகச் சிறந்த தரம்). சி, டி தரங்களில் சுத்திகரிக்காத ஐதரசன் எரிபொருள் மட்டுமே கிடைக்கும், தொன் 100 கிரெடிட் (ஆட்டக் காசு). ஏ, பி தரங்களில் சுத்திகரித்தது தொன் 500. உங்கள் கப்பலின் ஒரு பாய்ச்சலுக்கு 20 தொன் வேண்டும். சீனன்குடாவில் 2,000 கிரெடிட்டில் காரியம் முடியும், ஆனால் மலிவு எரிபொருளில் பாய்ச்சல் பிசகி வேறெங்கோ போய் விழும் அபாயம் உண்டு. நல்ல எரிபொருளுக்கு 10,000 ஆகும். கப்பல் கடனுக்கு மாதாமாதம் விலையில் 240இல் ஒரு பங்கைக் கட்டிக்கொண்டிருக்கிற ஆட்டக்காரர்கள் இந்த இடத்தில் மேசையில் சண்டை பிடிப்பார்கள். அந்தச் சண்டைக்காகவே அந்த உலகம் அங்கே இருக்கட்டும்.

நடுவில் உலகமே வேண்டாம் என்றால் இன்னொரு வழி: சரக்கறையில் கூடுதல் தாங்கி போட்டு 20 தொன் எரிபொருள் ஏற்றி, வெற்று வெளிக்கு ஒரு பாய்ச்சல், அங்கிருந்து இன்னொன்று. ஒரு பாய்ச்சலுக்கு ஒரு வாரம் என்பதால் இரண்டு வாரம் ஆகும். சரக்குக் கூலி தொன்னுக்கு 1,000 என்பதால் 20,000 கிரெடிட் வருமானமும் போகும். வெற்று வெளியில் பாய்ச்சலை முடிக்கலாமா என்பதை உங்கள் பிரதியிலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். அதை நடுவரின் ஊகத்துக்கு விடாதீர்கள்.

இனி உலகக் குறியீடு, அதாவது ஓர் உலகத்தின் தன்மைகளைச் சுருக்கிச் சொல்லும் எழுத்தும் எண்களும். கொட்டியாரத்துக்கு நீங்கள் கொடுத்திருப்பது ஏ385249-4. வரிசையாகப் படிப்போம்: விண்துறைமுகம் ஏ, பருமன் 3, வளி 8, நீர் 5, மக்கள்தொகை 2, ஆட்சி 4, சட்டம் 9, தொழில்நுட்பம் 4.

பருமன் 3 என்றால் விட்டம் சுமார் 4,800 கிலோமீற்றர். வளிக்கு இரண்டு கட்டை உருட்டி, 7ஐக் கழித்து, பருமனைக் கூட்ட வேண்டும். 12 விழுந்தால்தான் 8 வரும், அதாவது 36இல் ஒரு தடவை. அவ்வளவு சிறிய உலகம் அடர்ந்த வளியைப் பிடித்து வைத்திருப்பது பௌதிகத்துக்கும் ஒத்துவராது. இதை 4 ஆக்குங்கள்: மெல்லிய, மாசுபட்ட வளி. வடிகட்டி முகமூடி இல்லாமல் வெளியே போக முடியாது. முகமூடியை வாங்க வேண்டும், அது பழுதாகலாம், யாராவது களவெடுக்கலாம். ஆட்டத்துக்கு உடனே ஒரு பிடி கிடைக்கிறது.

தொழில்நுட்பம் 4 எந்தக் கட்டை விழுந்தாலும் வராது. ஒரு கட்டையோடு ஏ துறைமுகத்துக்கு 6, பருமன் 3க்கு 1, மக்கள்தொகை 2க்கு 1 கூட்ட வேண்டும். ஆகக் குறைந்தது 9, கூடியது 14. தவிர மக்கள்தொகை 2 என்றால் சில நூறு பேர்தான். சில நூறு பேர் விண்கப்பல் கட்டும் தளத்தை எப்படி நடத்துவார்கள்?

கட்டைக்கு நீங்கள் கட்டுப்பட வேண்டியதில்லை. கையால் எண் போடலாம், விதியே அதற்கு இடம் தருகிறது. ஆனால் விதியை மீறும் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு வரி காரணம் வேண்டும். காரணம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. திருகோணமலைத் துறைமுகம் 1957 வரை பிரித்தானியக் கடற்படையின் தளம். கரையில் மீன்பிடி வள்ளம், துறைக்குள்ளே போர்க்கப்பல். அதே அமைப்பைக் கொட்டியாரத்துக்குக் கொடுங்கள்: துறைமுகம் வெளியாரின் கப்பற்படைக்குச் சொந்தம், அதன் தொழில்நுட்பம் 12, குடிமக்கள் சில நூறு பேர், அவர்களுடையது 4. குறியீட்டுக்குக் கீழே இந்த ஒரு வாக்கியம் போதும். இப்போது சட்டம் 9க்கும் அர்த்தம் வந்துவிடும். 9 என்றால் இருப்பிடத்துக்கு வெளியே ஆயுதமே கூடாது. காவலரின் தொல்லையிலிருந்து தப்ப 9 அல்லது அதற்கு மேல் உருட்ட வேண்டும், அது 36க்கு 10 தடவைதான் விழும். இந்த விகிதத்தையும் அச்சிடுங்கள், நடுவருக்குப் புத்தகம் புரட்டும் நேரம் மிச்சம்.

மற்ற 17 உலகங்களையும் இதேபோல் சரிபாருங்கள். கன்னியாவில் மட்டும் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. வெந்நீர் ஊற்றுகளும் மாசுபட்ட வளியும் நன்றாகப் பொருந்துகின்றன.

அடுத்தது கப்பல். நீங்கள் எழுதியவற்றைக் கூட்டினேன். கட்டுப்பாட்டு அறை 20, கணினி 1, மூன்று இயந்திரங்களும் சேர்ந்து 15, எரிபொருள் 20, பயணி அறை 12க்கு 48, பயணிகளை உறைநிலையில் தூங்கவைத்துக் கொண்டுபோகும் உறைதுயில் பெட்டி 20க்கு 10, சரக்கறை 100. மொத்தம் 214 தொன். 200 தொன் கப்பலுக்குள் இது அடங்காது. எரிபொருளும் போதாது: பாய்ச்சலுக்கு உடலின் பத்தில் ஒன்று, அதாவது 20 தொன் சரி, மின்னாலைக்கு நான்கு வாரத்துக்கான 10 தொன்னை விட்டுவிட்டீர்கள். பழைய விதிநூலில் இருக்கும் 200 தொன் வணிகக் கப்பலில் எரிபொருள் 30, அறை 10, உறைதுயில் பெட்டி 20, பீரங்கிக் கோபுரங்களுக்கு 2 தொன், சரக்கறை 82. கூட்டிப் பாருங்கள், சரியாக 200 வரும்.

உங்களுக்கு 12 அறை கட்டாயம் வேண்டுமென்றால் உறைதுயில் பெட்டிகளைக் கழற்றிவிடுங்கள். எரிபொருளை 30 ஆக்கி, கோபுரங்களுக்கு 2 தொன் ஒதுக்கினாலும் சரக்கறை 84 தொன் கிடைக்கும். உறைதுயில் பயணம் ஆளுக்கு 1,000 கிரெடிட், உயர்தரம் 10,000. 20 பெட்டியும் நிரம்பினால் 20,000, கூடுதல் அறை இரண்டும் நிரம்பினாலும் 20,000. சில நூறு பேர் வாழும் உலகங்களில் 20 பெட்டிகளை நிரப்புவது எங்கே? நான் அறைகளையே தெரிவுசெய்வேன். பெட்டியில் ஏறியவர் உயிரோடு எழும்புவாரா என்ற கவலையும் இல்லை.

கப்பலின் தளப்படத்தில் ஒரு கட்டம் ஒன்றரை மீற்றர், இரண்டு கட்டம் ஒரு தொன் (இந்த ஆட்டத்தில் தொன் என்பது எடையல்ல, கொள்ளளவு). ஆகவே 200 தொன்னுக்கு 400 கட்டம். எரிபொருள் தாங்கியை வரையாமல் விட்டால் 60 குறையும். பத்து, இருபது வீதம் கூடிக் குறைந்தால் பரவாயில்லை. உங்கள் படத்தில் 560 கட்டம் இருக்கிறது.

சாகசத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, ஒன்றைத் தவிர. காணாமற்போன மாலுமி எங்கே என்று அறிய ஒரேயொரு துப்புத்தான் இருக்கிறது, அதற்கும் ஒரேயொரு உருட்டல், 8 அல்லது அதற்கு மேல். திறமை இல்லாதவருக்கு 36க்கு 15. பயிற்சியில்லாததற்கு 3 கழிக்கும் புதிய பதிப்புகளில் 36க்கு 3. தவறினால் கதை அங்கேயே செத்துவிடும். மூன்று இடத்தில் மூன்று துப்பு வையுங்கள். உருட்டல் தவறினால் துப்பு கிடைக்காது என்று வைக்காமல், தாமதமாகவோ காசு கொடுத்தோ கிடைக்கும் என்று வையுங்கள். அந்த 19 பக்க வரலாற்றை எடுத்துவிடுங்கள். நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், தனியாகக் கொடுங்கள். மேசையில் நடுவருக்குத் தேவை உலகத்துக்கு அரைப் பக்கம்: குறியீடு, துறைமுகத்தில் இறங்கியதும் கண்ணில் படுவது, அங்கே எது மலிவு, எது தடை, வேலை கொடுக்கும் ஒருவர். அந்த வேலைக்குப் பின்னாலுள்ள உண்மையை ஒரு கட்டைக்கு ஆறாக எழுதினால், ஒரே பக்கத்தை ஆறு குழுக்கள் ஆறு விதமாக விளையாடும்.

உரிமை விடயம். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் எண்ணங்களையும் முறைகளையும் காப்பதில்லை. எழுதப்பட்ட வாசகத்தையும் படங்களையும் காக்கிறது. கட்டை உருட்டும் முறையை நீங்கள் பயன்படுத்தலாம், விதிநூலின் பந்திகளைத் தமிழாக்கி வெளியிட அனுமதி வேண்டும். பின்னிணைப்பில் ஏழு பக்கம் அப்படித்தான் இருக்கிறது. அதை நீக்கிவிட்டு, 2016இல் வந்த, ட்ரவலர் பாணியிலான ‘சிஃபியஸ் எஞ்சின்’ விதிகளை அடிப்படையாகக் கொள்ளுங்கள். அது ஓ.ஜி.எல். என்ற திறந்த உரிமத்தில் வந்தது, அந்த உரிமம் திறந்த பகுதிகளை மொழிபெயர்க்க வெளிப்படையாகவே இடம் தருகிறது. பதிலுக்கு உரிம வாசகத்தை முழுமையாகச் சேர்க்க வேண்டும், அதன் 15ஆம் பிரிவில் மூல நூல்களின் உரிமைக் குறிப்புகளோடு உங்களுடையதையும் எழுத வேண்டும், பிறருடைய வணிகப் பெயரை அனுமதியில்லாமல் அட்டையில் போடக் கூடாது. இணையத்தில் தேடி எடுத்த கப்பல் படங்கள் நான்கையும் எடுத்துவிடுங்கள். நாசாவின் கோள் படங்கள் பெரும்பாலும் உரிமைக் கட்டுப்பாடு இல்லாதவை. அதன் இலச்சினையை மட்டும் தொடாதீர்கள்.

அச்சு. பாமினி எழுத்துருவில் தட்டியிருக்கிறீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கைபேசியில் வாசகம் குப்பையாகத் தெரியும், தேடவும் முடியாது. யூனிகோடுக்கு மாற்றி, பிடிஎஃப்பில் எழுத்துருவை உட்பொதியுங்கள். ஏ5 கொப்பியாக மடித்துத் தைப்பதென்றால் பக்கங்கள் நான்கின் மடங்காக வேண்டும். வரலாறும் பின்னிணைப்பும் போனால் 22 பக்கம் மிஞ்சும். உரிம வாசகத்துக்கு இரண்டைச் சேர்த்தால் 24, ஆறு ஏ4 தாள்.

தளப்படத்துக்குக் கட்டம் 15 மில்லிமீற்றர் வையுங்கள், நூறில் ஒரு பங்கு அளவு சரியாக வந்துவிடும். ஓர் ஏ4 தாளில் 13க்கு 19 கட்டம் ஓரத்தோடு அடங்கும், 247 கட்டம். கப்பல் இரண்டு தாளில் முடிந்துவிடும். அச்செடுக்கக் கொமினிகேஷன் கடையில் கொடுக்கும்போது “தாளுக்குப் பொருத்து” என்ற தெரிவை நிறுத்தி நூறு வீதத்தில் எடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கட்டம் சுருங்கி, அளவு தவறிவிடும். இளஞ்சாம்பல் கோடுகள் போட்டோ கொப்பியில் மறைந்துவிடும், எல்லாவற்றையும் கறுப்பில் போடுங்கள். மை அச்சு மாரியில் ஈரம் பட்டால் ஊறும், லேசர் ஊறாது. பிரிஸ்டல் போர்ட்டில் ஒட்டி லெமினேட் செய்தால் பலகைப் பேனாவால் எழுதி அழிக்கலாம். ஆட்களுக்குச் சட்டைப் பொத்தான் போதும், கட்டைக்கு லூடோப் பெட்டியில் இருப்பதே போதும்.

வெளியிடுமுன் உங்கள் ஐவரில் இல்லாத ஒருவரிடம் கொடுத்து நடத்தச் சொல்லுங்கள். நீங்கள் அதே அறையில் இருக்கலாம், வாய் திறக்கக் கூடாது. அவர் எந்த இடத்தில் உங்களைத் திரும்பிப் பார்க்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். கொட்டியாரத்தைத் திருத்தியதும் அந்த ஒரு பக்கத்தை எனக்கு அனுப்புங்கள், எண்களை மறுபடி பார்த்துத் தருகிறேன்.