புது மாடல் வரட்டுமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

நாமக்கல்லில் இருந்து எழுதுகிறேன். வீட்டில் 2010 மாடல் ஆல்டோ ஒன்று இருக்கிறது. ஏசி வேலை செய்வதில்லை. போன மாதம் கிளட்ச் மாற்றினேன், ஒன்பதாயிரம் ஆனது. அப்பாவுக்கு 74 வயது, பதினைந்து நாளைக்கு ஒருமுறை சேலத்தில் மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும். பலேனோ எடுக்கலாம் என்று முடிவு செய்து, ஷோரூம் போய் ஓட்டியும் பார்த்தாயிற்று. அட்வான்ஸ் கொடுக்கப் போகும் நேரத்தில் தம்பி தடுக்கிறான். “அடுத்த வருஷம் புது மாடல் வருதுன்னு யூடியூப்ல சொல்றாங்க, இப்ப எடுத்தா ஆறே மாசத்துல பழசாயிடும்” என்கிறான். மனைவி, ஆடி முடியட்டும் என்கிறாள். ஷோரூமில் இருந்து தினமும் போன், இந்த மாதம் எடுத்தால் தள்ளுபடியாம். மூன்று மாதமாக இதே யோசனை. நீங்கள் கார் பற்றி எழுதுபவர் இல்லை என்று தெரியும், இருந்தாலும் கேட்கத் தோன்றியது.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

லாரி ஊர்க்காரர் என்னிடம் வண்டி வாங்க யோசனை கேட்கிறீர்கள். திருநெல்வேலிக்கே அல்வாதான். ஆனால் வாங்கலாமா, காத்திருக்கலாமா என்று தவிப்பதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

2017 நவம்பரில் ஒரு ஸ்விஃப்ட் எடுத்தேன். அடுத்த பிப்ரவரியில் புது ஸ்விஃப்ட் வந்துவிட்டது. மூன்றே மாதம்! சிக்னலில் பக்கத்தில் ஒன்று வந்து நின்றால் வயிறு எரியும். அதன் பின்கதவில் கைப்பிடியே தெரியாது. ஜன்னல் ஓரமாக மேலே கறுப்பில் ஒளித்து வைத்திருந்தார்கள். என்ன அழகு என்று பொருமிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் என் அம்மாவைக் கோயிலுக்குத் தன் புது ஸ்விஃப்ட்டில் கூட்டிப் போனார். அம்மா பின்கதவைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, “இதுக்குக் கைப்பிடி எங்கப்பா?” என்றார். அன்றைக்கே என் பொறாமையில் பாதி போய்விட்டது. 2024 மே மாதம் அடுத்த ஸ்விஃப்ட் வந்தபோது போய்ப் பார்த்தேன். கைப்பிடி பழையபடி கதவுக்கே இறங்கி வந்திருந்தது.

அந்த 2024 ஸ்விஃப்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நாலு சிலிண்டர் இன்ஜினை எடுத்துவிட்டு மூன்று சிலிண்டர் வைத்தார்கள். 90 குதிரைசக்தி இருந்தது 82க்குக் குறைந்தது. மைலேஜ் கூடியது. ஆறு ஏர்பேக் எல்லா வேரியன்ட்டிலும் வந்தது. பழைய இன்ஜினின் அதிராத ஓட்டம் பிடித்தவர்கள் முனகினார்கள், பெட்ரோல் கணக்குப் பார்ப்பவர்கள் சந்தோஷப்பட்டார்கள். ஆகவே தம்பியிடம் கேளுங்கள்: புதுசில் அப்படி என்ன வரப்போகிறது? “லுக் மாறும், ஸ்கிரீன் பெரிசாகும்” என்றால் விட்டுவிடுங்கள். பாதுகாப்பில் ஏதாவது கூடுகிறது என்று கம்பெனியே சொன்னால் அது யோசிக்க வேண்டிய விஷயம். என் வண்டியில் இரண்டே ஏர்பேக். கைப்பிடி மறந்துவிட்டது, ஏர்பேக் மட்டும் இன்னும் உறுத்துகிறது.

காத்திருப்பதே முட்டாள்தனம் என்று நான் சொல்லவில்லை. 2025 ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் செங்கோட்டையில் ஜிஎஸ்டி குறையப்போகிறது என்றார். செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி கவுன்சில் முடிவெடுத்தது, 22ஆம் தேதி அமலுக்கு வந்தது. நாலு மீட்டர் நீளத்துக்குள், இன்ஜின் அளவு 1200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் கார்களுக்கு செஸ் என்ற கூடுதல் வரியையும் சேர்த்து 29 சதவீதம் இருந்த வரி 18 ஆனது. வரிக்கு முந்தைய விலை 6 லட்சம் என்று வைத்துக்கொண்டால் 7,74,000 கொடுக்க வேண்டிய இடத்தில் 7,08,000. ஐந்து வாரம் பொறுத்தவருக்கு 66,000 ரூபாய் மிச்சம். அந்த ஆகஸ்டில் நீங்கள் எழுதியிருந்தால் அட்வான்ஸைக்கூடக் கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். அதற்குத் தேதி இருந்தது, சொன்னவர் யார் என்றும் தெரிந்தது. உங்கள் தம்பி சொல்வதற்கு இரண்டும் இல்லை. கம்பெனிகள் புது மாடல் பற்றி முன்கூட்டி வாய் திறக்க மாட்டார்கள். திறந்தால் யார்டில் நிற்கும் பழைய வண்டி எப்படி விற்கும்?

தேதி இல்லாமல் காத்திருந்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். என் சித்தப்பா. மாருதி டிசையர் டீசல்தான் வேண்டும் என்பார். 2019இல் வாங்கியிருக்கலாம், பணம் கையில் இருந்தது. “முகம் மாத்தப் போறானாம், மாத்தட்டும்” என்று இருந்துவிட்டார். 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வருகிறது, அதோடு டீசல் கார்களை நிறுத்துகிறோம் என்று 2019 ஏப்ரலிலேயே மாருதி அறிவித்துவிட்டது. பேப்பரிலும் வந்தது. இவர் விளையாட்டுப் பக்கம் தவிர வேறு படிக்காதவர். 2020 மார்ச்சில் முகம் மாற்றிய டிசையர் வந்தது, பெட்ரோலில் மட்டும். அப்புறம் ஊரடங்கு. கடைசியில் யாரோ நாலு வருடம் ஓட்டிய பழைய முகத்து டீசல் டிசையரை செகண்ட் ஹேண்டில் வாங்கினார். இன்றும் அதைத்தான் ஓட்டுகிறார், மைலேஜ் பெருமை தாங்கவில்லை.

சரி, தம்பி சொல்வது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த வருடம் வருகிறது. வந்த அன்றே சாவி கையில் கிடைத்துவிடாது. புக்கிங், கேட்ட வேரியன்ட் வர இரண்டு மூன்று மாதம். அதற்கு மேல் நானாக இருந்தால் முதல் ஆறு மாத வண்டியை எடுக்க மாட்டேன். சின்னச் சின்னக் குறைகளை முதலில் வாங்கியவர்கள் கண்டுபிடித்துச் சொல்லட்டும், சரி பண்ணட்டும், பிறகு பார்ப்போம் என்பது என் பழக்கம். ஆக ஒரு வருடம் என்பது ஒன்றரை, இரண்டு வருடம் ஆகிவிடும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை என்றால் சுமார் நாற்பது தடவை உங்கள் அப்பா ஏசி இல்லாத ஆல்டோவில் சேலம் போய் வர வேண்டும். அதில் இரண்டு சித்திரையும் வரலாம். அடுத்து என்ன கழன்று விழும் என்பது தனிக் கணக்கு.

விலையும் அப்படியே நிற்காது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் சாலை வரியை மாற்றினார்கள். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம், அதைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18. 9,90,000 ரூபாய் காருக்குச் சுமார் 1,29,000 வரி, 10,10,000 ரூபாய் காருக்குச் சுமார் 1,82,000. விலையில் 20,000 ஏறினால் கையை விட்டு 73,000 போகும். மேல் வேரியன்ட்டில் கண் இருந்தால் இந்தக் கோடு ஞாபகம் இருக்கட்டும். புது மாடல் அதைத் தாண்டி வந்தால் கூடுதல் பணத்தைத் தம்பியிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

வாங்கிவிடுங்கள் என்பதுதான் என் பதில். ஆடியைப் பற்றி உங்கள் மனைவியிடம் நான் வாதாட மாட்டேன், எங்கள் வீட்டிலேயே தோற்றவன். ஆனால் ஆடியில் ஷோரூம் காலியாக இருக்கும், பேரம் பேச அவர்களுக்கும் நேரம் இருக்கும். ஆடியில் பேசி முடித்துவிட்டு ஆவணியில் டெலிவரி எடுங்கள். யாருக்கும் மனக்குறை இல்லை.

தினமும் போன் வருகிறது என்றீர்களே, அங்கே மட்டும் கொஞ்சம் நிதானம். தள்ளுபடி பெரிதாக இருந்தால் வண்டி யார்டில் வெகுநாள் வெயில் காய்ந்திருக்கலாம். முழுப் பணம் கட்டும் முன் உங்களுக்கு ஒதுக்கிய வண்டியை நேரில் பார்க்கக் கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 3824 என்றால் 2024ஆம் வருடம் 38ஆவது வாரம் செய்த டயர். வண்டியின் வயதை அதுவே பாதி சொல்லிவிடும். தயாரித்த மாதமும் வருடமும் ஆர்சியிலும் ஏறும். பிற்பாடு விற்கப் போகும்போது வாங்குகிறவர் முதலில் அதைத்தான் பார்ப்பார். போன வருட வண்டி என்றால் அதற்குத் தக்கபடி இன்னும் குறைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் இந்த வருட வண்டி கேளுங்கள்.

ஒரு சந்தேகம். ஓட்டிப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள், அப்பா உட்கார்ந்து பார்த்தாரா என்று எழுதவில்லை. பலேனோவில் சீட் கொஞ்சம் தாழ்வு. இந்தச் சனிக்கிழமை அவரையும் கூட்டிப் போங்கள். முன்சீட்டில் ஒருமுறை, பின்சீட்டில் ஒருமுறை, யாரும் கைகொடுக்காமல் ஏறி இறங்கட்டும். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார் என்றால் நான் மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிட்டு, சீட் உயரமாக இருக்கும் வேறு வண்டி பாருங்கள்.

அன்புடன்.