டை அடித்த இரண்டாம் நாள் முகம் வீங்கிவிட்டது, யாரிடம் சொல்வது?

கேள்வி: அக்கா மகள் கல்யாணத்துக்காக ஞாயிற்றுக்கிழமை தலைக்கு டை அடித்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் கண் இமை இரண்டும் வீங்கித் திறக்கவே முடியவில்லை. காது, பின்கழுத்தெல்லாம் அரிப்பு, நீர்க்கசிவு. கடைக்காரரிடம் சொன்னால், "நண்டு, இறால் ஏதாவது சாப்பிட்டிருப்பீங்க" என்கிறார். மெடிக்கலில் ஒரு ட்யூப் வாங்கிப் போட்டதில் கொஞ்சம் குறைந்திருக்கிறது. இதை எங்கேயாவது சொல்ல வேண்டுமா? கடைக்காரர் பழக்கமானவர், அவருக்கு வம்பாகிவிடுமோ என்று யோசனையாக இருக்கிறது.
- வாசகி, தங்கச்சிமடம்

பதில்: அவசியம் சொல்லுங்கள் சகோதரி.

முதலில் நண்டு விஷயம். நம் கடற்கரையில் உடம்பில் எது தடித்தாலும் பழி மீன் மேலும் நண்டு மேலும்தான் விழுகிறது. நண்டோ இறாலோ ஒத்துக்கொள்ளாவிட்டால் பெரும்பாலும் சில நிமிடங்களில், மிஞ்சினால் இரண்டொரு மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்பு கிளம்பும். ஒரு நாளுக்குள் அமுங்கியும் விடும். உங்களுக்கு வந்தது அப்படி இல்லை. இரண்டு நாள் கழித்து, டை பட்ட இடத்தை ஒட்டியே காது, கழுத்து, இமை என்று வந்திருக்கிறது, நீரும் கசிந்திருக்கிறது. கருப்பு டைகளில் சேர்க்கும் பாரா-பினைலீன்-டயமின் என்ற பொருளுக்கு வரும் ஒவ்வாமை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். முன்பு பலமுறை அடித்தும் ஒன்றும் ஆகவில்லையே என்று நினைப்பீர்கள். உடம்பு அதை ஒருமுறை எதிரியாகக் குறித்துக்கொண்டால் பிறகு மறப்பதில்லை. அடுத்த முறை இன்னும் சீக்கிரமாக, இன்னும் கடுமையாக வரலாம். அதனால் இனி டை வேண்டாம். 'கருப்பு மருதாணி' என்று விற்கும் பொடிகளிலும் கோன்களிலும் பல நேரம் இதே பொருள்தான் இருக்கிறது.

எந்த நாள், எத்தனை மணி நேரம் கழித்து, எந்த இடத்தில் என்பதை வைத்துத்தான் நான் இவ்வளவும் சொல்ல முடிகிறது. புகாரைப் படிப்பவருக்கும் அதுவே வேண்டும். மறந்துபோவதற்குள் ஒரு தாளில் எழுதிவையுங்கள். வீக்கம் இருக்கும்போதே போனில் படம் எடுத்துவிடுங்கள். டை பாக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். மிச்சப் பொடியோடு சுருட்டி எடுத்துவையுங்கள். கம்பெனி பெயர், பேட்ச் எண், தயாரித்த தேதி எல்லாம் அதில்தான் இருக்கின்றன. பேட்ச் எண் முக்கியம். கோளாறு உங்கள் உடம்போடு நிற்பதா, அந்தச் சரக்கிலேயே கலப்படமா என்று தேட அதுதான் வழி. தோலில் கொஞ்சம் தடவிச் சோதித்துப் பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும், புருவத்திலும் இமை முடியிலும் போடக் கூடாது என்ற எச்சரிக்கை இந்த டைகளில் இருக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் பாக்கெட்டில் அது இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சரி, யாரிடம்? பாக்கெட்டில் நுகர்வோர் தொடர்பு எண் இருக்கும், முதலில் அங்கே. அழகுசாதனப் பொருள்களும் 1940ஆம் ஆண்டு மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டத்துக்குள் வருபவைதான். அதனால் மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுதிக் கொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915; தமிழிலும் பேசலாம். மெடிக்கலில் வாங்கிய ட்யூப் மருந்து. அதனால் ஏதாவது கோளாறு வந்தால் மருந்துப் பக்கவிளைவுகளுக்கான கட்டணமில்லா எண் 1800-180-3024. மருந்துதான் காரணம் என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை, சந்தேகம் போதும். உங்கள் பெயரும் வெளியே போகாது.

கடைக்காரரைப் பற்றிய உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஒரே ஊரில் நாளும் முகம் பார்க்க வேண்டியவர்கள். ஆனால் நீங்கள் சொல்லப்போவது ஒரு பொருளைப் பற்றி. தேவைப்பட்டால் ஆய்வாளர் கடையில் மாதிரி எடுக்கக்கூடும். முறையாகப் பில்லோடு வாங்கி விற்பவர் அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. அவரிடமே முதலில் சொல்லிவிடுங்கள். அதே பாக்கெட்டை வாங்கிய மற்றவர்களை விசாரிக்க அவரை விட்டால் ஆளில்லை. 'நம்ம உடம்புக்குச் சேரல' என்று நம் பெண்கள் பேசாமல் இருந்துவிடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம். அந்த மௌனத்தால் அடுத்த வீட்டுப் பெண்ணும் அதையே வாங்கிப் பூசுகிறாள்.

உடம்பைப் பொறுத்தவரை, அந்த ட்யூபை நீங்களாகவே தொடர்ந்து போடாதீர்கள். அது ஸ்டீராய்டாக இருந்தால் முகத்தில், அதுவும் இமையில், நாள்கணக்கில் போடக் கூடாது. புண் ஆறும்வரை வெயிலும் உப்புத்தண்ணீரும் படவேண்டாம். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் மருத்துவரைப் பாருங்கள், பாக்கெட்டையும் எடுத்துப் போங்கள். பல் வைத்தியத்துக்குப் போனாலும் இந்த ஒவ்வாமையைச் சொல்லிவிடுங்கள், சில மரப்பு மருந்துகளும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். மூச்சுத் திணறினாலோ, உதடு, நாக்கு வீங்கினாலோ, வாய்க்குள் கொப்புளம் வந்தாலோ காத்திருக்க வேண்டாம், உடனே 108.

அப்புறம், கல்யாண வீட்டில் அதே டையை அடித்த வேறு யாருக்காவது அரிப்பு இருந்ததா என்று கேளுங்கள். இருந்தால், அவர்களும் தனியாக ஒரு புகார் கொடுக்கட்டும், பேட்ச் எண்ணோடு.