பௌர்ணமி அன்னைக்கு டெலஸ்கோப் பார்க்கப் போகாதீங்க

கேள்வி: என் பொண்ணுக்கு எட்டு வயசு, நிலா, சனி கிரகம்னு ஓயாம கேட்டுட்டே இருக்கா. ஒரு ஆப்சர்வேட்டரியில பொதுமக்களுக்கு ராத்திரி வானம் காட்டுறாங்களாம், பௌர்ணமிக்கு புக் பண்ணலாம்னு இருக்கேன். போட்டோல வர்ற மாதிரி கலரா தெரியுமா? நான் கண்ணாடி போடுறவ, கழட்டணுமா?

பதில்: முடிஞ்சா முதல்ல தேதிய மாத்திடுங்க. பௌர்ணமி நிலா வெறுங்கண்ணுக்குத்தான் அழகு, டெலஸ்கோப்ல பார்த்தா வெள்ளைத் தட்டு மாதிரி சப்பையா இருக்கும், ஏன்னா சூரிய வெளிச்சம் நமக்குப் பின்னாடி இருந்து நேரா அது மேல விழுது, நிழலே இருக்காது, நிழல் இல்லன்னா பள்ளம் எது மேடு எதுன்னு எப்படித் தெரியும்? அதோட அரை நிலாவ விட முழு நிலா ரெண்டு மடங்கு இல்ல, கிட்டத்தட்ட 10 மடங்கு பிரகாசம், மங்கலான நெபுலா (விண்வெளியில இருக்கற வாயு, தூசி மேகம்), கேலக்ஸி எல்லாம் அந்த வெளிச்சத்துல காணாமப் போயிடும்.

வளர்பிறை அஷ்டமில இருந்து ரெண்டு மூணு நாளுக்குள்ள போங்க. இருட்டும்போதே நிலா நல்லா மேல இருக்கும், நிகழ்ச்சி முடியற வரைக்கும் மறையாது. வெளிச்சமும் இருட்டும் சேர்ற கோடு இருக்கே, அங்க பாக்கச் சொல்லுங்க பாப்பாவ. அந்த இடத்துல இப்பதான் சூரியன் உதிக்குது, அதனால சின்ன மேட்டுக்கும் நீள நிழல் விழும், கோட்டுக்கு அந்தப் பக்கம் கருப்புக்குள்ள தனியா ஒரு வெள்ளைப் புள்ளி தெரிஞ்சா அது மலை உச்சி, அடிவாரத்துக்கு இன்னும் விடியல. அஷ்டமிக்கு ரெண்டு நாள் கழிச்சுன்னா கோபர்நிகஸ்ங்கிற 93 கிலோமீட்டர் அகலப் பள்ளம் அந்தக் கோட்டுக்கிட்ட வரும், உள்சுவர் படிக்கட்டு மாதிரி இறங்குறதும் நடுவுல சின்ன மலைங்க நிக்கிறதும் பார்த்தா பெரியவங்களே கண்ண எடுக்க மாட்டாங்க. கேலக்ஸிதான் பாக்கணும்னா மட்டும் அமாவாசைய ஒட்டிப் போங்க.

கலர் விஷயத்த பொண்ணுகிட்ட முன்னாடியே சொல்லி வைங்க, இல்லன்னா ஏமாந்து போயிடுவா. போட்டோல கேமரா நிமிஷக்கணக்கா, சில சமயம் மணிக்கணக்கா வெளிச்சத்தச் சேர்க்குது, நம்ம கண்ணால அது முடியாது, கலர் பாக்கற செல்லுங்க மங்கலான வெளிச்சத்துல வேலை செய்யாது. ஆண்ட்ரோமீடா கேலக்ஸி சாம்பல் கலர் புகை மாதிரிதான் தெரியும். ஆனா அந்த வெளிச்சம் கிளம்பி சுமார் 25 லட்சம் வருஷம் ஆச்சு, அது இப்ப அவ கண்ணுக்குள்ள நேரா விழுதுன்னு சொல்லிப் பாருங்க. மங்கலானத நேரா முறைச்சுப் பாக்காம கொஞ்சம் ஓரமா பார்வைய வச்சா பளிச்சுன்னு தெரியும், இருட்டுல பாக்கற செல்லுங்க விழித்திரைக்கு நடுவுல இல்ல, சுத்தித்தான் இருக்கு. கண்ணு இருட்டுக்கு முழுசாப் பழக 20, 30 நிமிஷம் ஆகும், நடுவுல ஒரே ஒரு தடவை போன் ஸ்கிரீன பார்த்தாலும் திரும்ப முதல்ல இருந்துதான், அதனால போன பைக்குள்ள போட்டுடுங்க.

கண்ணாடி: வெறும் கிட்டப்பார்வை இல்ல தூரப்பார்வைன்னா கழட்டிடலாம், ஃபோகஸ திருப்பினா சரியாயிடும், அங்க இருக்கறவங்ககிட்ட கேட்டுட்டுத் திருப்புங்க. பவர்ல சிலிண்டர் (கண்ணாடிச் சீட்டுல CYL-னு போட்டிருக்கும்) இருந்தா போட்டுக்கிட்டே பாருங்க, சிலிண்டர் கோளாற ஃபோகஸ் சரி பண்ணாது.

குழந்தைங்க பாக்கறப்ப என்ன நடக்கும்னா, ஏறினதும் ஐபீஸ, அதாவது கண்ண வச்சுப் பாக்கற லென்ஸ, கையால பிடிச்சுடுவாங்க, டெலஸ்கோப் நகர்ந்துடும், ஒண்ணும் தெரியல, ஆனா பின்னாடி வரிசை நிக்குதேன்னு கூச்சப்பட்டு "தெரியுது"ன்னு சொல்லிட்டு இறங்கிடுவாங்க. நிகழ்ச்சி நடத்துற எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கிற விஷயம் இதுதான். கைய முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கச் சொல்லுங்க, "என்ன தெரியுது"ன்னு கேக்காம "சனிக்கும் வளையத்துக்கும் நடுவுல கருப்பு இடைவெளி இருக்கா"ன்னு கேளுங்க, அப்ப நிஜமாவே தேடுவா. பிம்பம் தண்ணிக்கடியில இருக்கற மாதிரி அலையும், அது காத்தோட வேலை, அரை நிமிஷம் காத்திருந்தா நடுவுல ஒரு நொடி சட்டுனு தெளியும். சனியோட வளையம் 2025 மார்ச்ல விளிம்ப மட்டும் நமக்குக் காட்டிட்டு நின்னுச்சு, அதுக்கப்புறம் நம்ம பார்வைக்கு வருஷா வருஷம் விரிஞ்சுட்டு வருது.

புக் பண்றப்ப ரெண்டு விஷயம் கேட்டுக்கோங்க. கண்ணால பாக்கற டெலஸ்கோப் எதுன்னு கேளுங்க, ஏன்னா ஆராய்ச்சிக்கு வச்சிருக்கிற பெருசுல பெரும்பாலும் ஐபீஸே இருக்காது, கேமராதான், பொதுமக்களுக்கு தனியா சின்னதா ஒண்ணு வச்சிருப்பாங்க, அதுவே தாராளம். மேகம் வந்தா வேற தேதி தருவாங்களான்னும் கேளுங்க. ஸ்வெட்டர் கண்டிப்பா, டோமுக்குள்ள ஹீட்டர் போட மாட்டாங்க, சூடான காத்து பிம்பத்தக் கெடுத்துடும்.

வியாழன் வானத்துல இருக்கற மாசம்னா ஒரு பேப்பரும் பென்சிலும் எடுத்துட்டுப் போங்க. பக்கத்துல வரிசையா நாலு புள்ளி வரைக்கும் தெரியும், அதெல்லாம் வியாழனோட நிலாக்கள், எது எங்க இருக்குன்னு அவள வரையச் சொல்லுங்க, கிளம்புறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை வரிசையில நின்னு திரும்ப வரையச் சொல்லுங்க. அயோங்கிற நிலா 42 மணி நேரத்துல ஒரு சுத்து சுத்திடுது, வியாழன ஒட்டி இருந்துச்சுன்னா ரெண்டு மணி நேரத்துலயே இடம் மாறினது பேப்பர்ல தெரியும். 1610 ஜனவரில கலிலியோ ராத்திரி ராத்திரியா இப்படித்தான் குறிச்சு வச்சாரு.