குழம்பில் பொடி கலக்காதீர்கள்! வாசகர் கேள்வி, நர்ஸ் அக்கா பதில்

கேள்வி: என் வீட்டுக்காரர் பத்து வருஷமாகக் குடிக்கிறார். காலையில் கொஞ்சம் ஊற்றினால்தான் கை நடுக்கம் நிற்கும். வைகாசியில் கோயிலில் கயிறு கட்டினோம். இரண்டாம் நாளே வலிப்பு வந்துவிட்டது, சாமி குற்றம் என்று சொல்லிக் கயிற்றை அறுத்துவிட்டார்கள். இப்போது கொழுந்தனார் ஒரு பொடி வாங்கி வந்து, அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்துவிடு என்கிறார். மறுவாழ்வு மையத்தில் கேட்டால் மாதக்கணக்கில் தங்க வேண்டுமாம், பணமும் கட்ட வேண்டுமாம். நான் நடவுக்குப் போனால்தான் வீட்டில் அடுப்பு எரியும். என்ன செய்வது?
(குடவாசல் பக்கத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: அந்தப் பொடியை முதலில் குப்பையில் போடுங்கள் தங்கச்சி. டைசல்ஃபிரம் என்று ஒரு மாத்திரை இருக்கிறது. டாக்டர்களே எழுதிக் கொடுப்பதுதான், ஆனால் சாப்பிடுகிறவருக்கு விளக்கிச் சொல்லி, அவர் சம்மதித்த பிறகுதான் கொடுப்பார்கள். அது உடம்பில் இருக்கும்போது ஒரு மடக்கு குடித்தாலும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, பிரஷர் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். தெரியாமல் கொடுத்தால் அவர் வழக்கம்போலக் குடிக்கத்தானே செய்வார்? பொட்டலத்தில் என்ன கலந்திருக்கிறது என்பதே தெரியாதபோது அதைச் சோற்றில் போடவே கூடாது.

அடுத்தது, வலிப்பு சாமி குற்றம் இல்லை. தினமும் குடித்துப் பழகிய உடம்பு, திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், மூன்றாவது நான்காவது நாளில் புத்தி பிசகிப் போகலாம். நான் முப்பது வருஷம் வார்டில் இருந்தவள், ஒருவரை மட்டும் மறக்கவே முடியவில்லை. நிறுத்தி மூன்றாம் நாள், கட்டிலில் குத்த வைத்து உட்கார்ந்து போர்வையிலிருந்து நாற்று பறித்துக்கொண்டிருந்தார். பறிப்பார், வேர் மண் போகக் காலில் தட்டுவார், முடி கட்டிப் பக்கத்தில் அடுக்குவார், "நடவாளுங்க எங்கடி, வெயில் ஏறிப்போச்சு" என்று என்னைத் திட்டுவார். உடம்பெல்லாம் வியர்வை. மருந்தும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் போட்டு ஐந்தாறு நாளில் தெளிந்தார். அவரையே வீட்டில் ஓர் அறையில் போட்டுப் பூட்டி வைத்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார். அதனால் உங்கள் வீட்டுக்காரரை வீட்டிலேயே நிறுத்த வைக்காதீர்கள், ஏற்கனவே ஒரு தடவை வலிப்பு வந்தவர் வேறு. திருவாரூரிலும் தஞ்சாவூரிலும் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது, மனநலப் பிரிவில் காட்டுங்கள். உள்ளே தங்க வேண்டியது பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள். அப்புறம் மாத்திரை வாங்கிக்கொண்டு வந்து போனால் போதும். போவதற்கு முன் பேச வேண்டுமென்றால் 14416 (மனநல உதவி), 14446 (போதை மீட்பு உதவி) இரண்டும் இலவச எண்கள்.

ஆனால் நடவை விட்டுவிட்டு யார் ஆஸ்பத்திரியில் துணைக்கு உட்காருவது என்பதுதானே உங்கள் கவலை, அதற்கு அரசுதான் பதில் சொல்ல வேண்டும். 2019-ல் வந்த தேசியக் கணக்கெடுப்பில், குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்தது என்று இருக்கிறது. மீதி 37 பேரும் திருந்த மனசில்லாதவர்கள் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பஸ் செலவு, போன கூலி, ஊர் வாய், எல்லாம் சேர்ந்துதான் அவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. இதற்கு வழி உங்கள் பக்கத்து ஊரிலேயே கண்டுபிடித்தாயிற்று. சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளை, மஞ்சக்குடியில் கிராமத்துக்குள்ளேயே முகாம் போட்டுக் குடிநோய்க்குச் சிகிச்சை கொடுத்தது. ஆட்களை நகரத்துக்குக் கூப்பிடாமல் டாக்டரும் கவுன்சிலரும் ஊருக்கு வந்தார்கள், குடும்பமும் கூடவே இருந்தது, ஊர்க்காரர்களும் கைகொடுத்தார்கள். அந்த மஞ்சக்குடி அனுபவம் 1994-ல் 'அடிக்‌ஷன்' என்ற உலக மருத்துவ இதழிலேயே வந்தது. இத்தனை வருஷம் கழித்தும் டெல்டாவில் ஒவ்வொரு ஒன்றியத்திலும் அப்படி ஒரு முகாம் வழக்கமாகவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறான், சட்டைப்பையில் கஞ்சாவும் இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் போலீஸுக்குச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து ஒரு மாதமாக வீட்டிலேயே கட்டிப் போட்டிருக்கிறோம்.
(நாகை கடற்கரையிலிருந்து ஒரு தகப்பனார்)

பதில்: ஐயா, கட்டை இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள். 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த விடுதியில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்த 28 பேர் ஓட முடியாமல் செத்தார்கள். போதையால் வரும் மனக்கோளாறும் 2017 மனநலச் சட்டத்துக்குள் வருகிறது. சங்கிலியால் கட்டுவதை அந்தச் சட்டம் தடை செய்திருக்கிறது, சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கவும் சொல்கிறது. போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு உண்டு. சிறிய அளவு வைத்திருந்ததாக, அல்லது பயன்படுத்தியதாக வழக்கு வந்தாலும், தானாக முன்வந்து அரசு ஆஸ்பத்திரியிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சை எடுத்தால் தண்டனை நடவடிக்கையிலிருந்து விலக்கு கிடைக்கும். கஞ்சாவில் சிறிய அளவு என்பது 1 கிலோ வரை. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு போய்விடலாம். பையனுக்கே இதைப் படித்துக் காட்டுங்கள், வருவான்.

ஒன்று முக்கியம். ஒரு மாதம் நிறுத்தியவன் மறுபடி பழைய அளவையே ஏற்றினால் உடம்பு தாங்காது, மூச்சு அடங்கிப் போகும். அப்படி ஆனால் ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், திட்டுவதற்கு அது நேரமில்லை. ஊசியைப் பகிர்ந்திருந்தால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

கேள்வி: நான் திருநங்கை. குடியை விடலாம் என்று போனேன். ஆண்கள் வார்டா, பெண்கள் வார்டா என்று அரை மணி நேரம் பேசிவிட்டு, இடமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.
(கும்பகோணம்)

பதில்: படிக்கும்போதே மனசு கனத்துவிட்டது. விட வேண்டும் என்று ஒருவர் தானாக வாசலுக்கு வருகிற நாள் அடிக்கடி வராது, அந்த நாளில் திருப்பி அனுப்புவது பெரிய குற்றம் என்றே நினைக்கிறேன். 2017 சட்டத்தின் 18-வது பிரிவு பாலினம், சாதி, வர்க்கம் எதையும் பார்க்காமல் மனநலச் சிகிச்சை கொடுக்கச் சொல்கிறது, 2019 திருநர் சட்டமும் சிகிச்சையில் பாகுபாடு கூடாது என்கிறது. எந்த வார்டு என்று உங்களிடம்தான் கேட்டிருக்க வேண்டும். கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுங்கள், எந்தச் சட்டம் எந்தப் பிரிவு என்று எழுதியே கொடுங்கள். இன்னொன்று, போதை மையம் என்றாலே ஆண்களுக்கு மட்டும் என்று திட்டம் போடுகிறவர்கள் நினைக்கிறார்கள். குடிக்கிற பெண்கள் எங்கள் வார்டுக்கு வயிற்றுவலி, தூக்கமின்மை என்று வேறு பெயர் சொல்லித்தான் வருவார்கள், தனிப் படுக்கையும் பெண் கவுன்சிலரும் இருந்தால் உண்மையைச் சொல்லுவார்கள்.

கேள்வி: ஊராட்சி வார்டு உறுப்பினராக இருக்கிறேன். கிராம சபையில் டாஸ்மாக்கை மூடச் சொல்லித் தீர்மானம் போட்டுவிட்டோம். வேறு என்ன செய்யலாம்?
(நீடாமங்கலம் ஒன்றியம்)

பதில்: நல்லது. கடையை மூடும் நாளில் நடுக்கத்தோடு இருப்பவருக்கு மருந்து எங்கே என்பதையும் அதே தீர்மானத்தில் சேருங்கள். மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாதம் ஒரு நாள் வர வேண்டும், மாத்திரையும் அங்கேயே கிடைக்க வேண்டும் என்று கேளுங்கள். குடிகாரர் பட்டியல் என்று தெருவாரியாகப் பெயர் எழுத யாரையும் விடாதீர்கள், அப்புறம் ஒருத்தரும் வர மாட்டார்கள். காலனித் தெருவுக்கும் ஊர்த்தெருவுக்கும் பொதுவான இடமாகப் பாருங்கள். டாக்டர் வரும் நாளை நீங்களாக முடிவு செய்ய வேண்டாம், சபைக்கு வரும் பெண்களிடம் எந்தக் கிழமை வேலை குறைவு, எந்த பஸ்ஸில் வர முடியும் என்று கேட்டு, அந்தக் கிழமையையும் நேரத்தையும் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள்.