பழைய இதழ்களில் பகிடித் துணுக்குக்குப் பக்கத்திலேயே விளம்பரம் இருப்பது ஏன்?

அச்சுக்கூடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ஈய எழுத்துக்களைக் கையால் கோத்த காலத்தில், கதை முடிந்த பிறகு பத்தியின் அடியில் நாலைந்து வரி இடம் மிஞ்சும். அதை நிரப்பத் துணுக்குகள் கைவசம் இருந்தன. விளம்பரமோ புளொக்காக, அதாவது ஒரே அச்சுக்கட்டையாகச் செய்து வந்துவிடும், அளவு மாறாது. இரண்டும் அடுத்தடுத்து விழுந்தது அப்படித்தான். ஆனால் வாசகர் சிரிப்பைத் தேடித்தான் முதலில் புரட்டுவார், பக்கத்தில் இருப்பதும் கண்ணில் படும் என்பதை வியாபாரம் தெரிந்தவர்கள் விரைவில் பிடித்துக்கொண்டார்கள். 1928இல் ஆனந்த விகடனை வாங்கிய எஸ். எஸ். வாசனே விளம்பரத் தொழிலில் இருந்தவர்.

எங்கட நகைச்சுவை இதழ் ‘சிரித்திரன்’ கொழும்பில் தொடங்கி யாழ்ப்பாணம் வந்தது. ஆசிரியர் சிவஞானசுந்தரமே கார்ட்டூனும் வரைந்தார். அவருடைய கார்ட்டூன் பாத்திரங்களான சவாரித்தம்பரும் சின்னக்குட்டியும் பேசுவது நம் ஒழுங்கையில் கேட்கிற அதே தமிழ். அம்மப்பா கட்டி வைத்த இதழ்களை நான் இன்றும் விளம்பரம் உட்படத்தான் வாசிக்கிறேன். துருப்பிடித்த கம்பி தாளில் கறை விட்டிருக்கிறது. பழைய இதழ்களை ஸ்கேன் செய்பவர்கள் தயவுசெய்து விளம்பரப் பக்கங்களை விட்டுவிடாதீர்கள். மூடப்பட்ட எத்தனையோ கடைகளின் பெயர் அங்கே மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது.